வண்டி புதுசு மாதிரி இருக்கு, இன்ஜின் போச்சு!

(பழைய கார் வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினர்களுக்கும், கடன் கொடுக்கும் குழுக்களுக்கும் ஒரு பாடம்)



மாட்டுக் கடன் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் நாம் என்ன செய்வோம்? நாலு பேர் போய் மாட்டைப் பார்ப்போம். பல்லைப் பார்ப்போம், மடியைத் தடவிப் பார்ப்போம், எத்தனாவது ஈத்து என்று கேட்போம், கறந்து காட்டச் சொல்வோம். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் பழைய கார் வாங்கக் கடன் கேட்டால் என்ன பார்ப்பது என்று நமக்குத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

எங்கள் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினர் (பெயர் வேண்டாம், நம் அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய டீசல் கார் வாங்கக் கடன் கேட்டார். வீட்டுக்காரர் இருபது வருட அனுபவம் உள்ள டிரைவர். மஞ்சள் போர்டு வண்டி, வயது 11. விலை 1,90,000 ரூபாய். கூட்டமைப்பிலிருந்து 1,20,000 கடன், மீதிக்கு நகையை அடகு வைத்தார். கடன் குழுவிலிருந்து நானும் இன்னொரு சகோதரியும் போய் வண்டியைப் பார்த்தோம். வெள்ளை வெளேர் என்று பெயிண்ட். சீட் கவர் புதுசு. டயர் நாலும் புதுசு. துரு இல்லை. எஃப்.சி., இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகம் எல்லாம் சரி. "மதினி, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கே விடலாம் போலிருக்கே"ன்னு என்கூட வந்த சகோதரி சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

நாலாவது மாதம். விடியற்காலை மதுரை விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. கோவில்பட்டி தாண்டி, சாத்தூர் வருவதற்குள் முன்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி ஓரமாக உருண்டு நின்றுவிட்டது. சூடு ஏறவில்லை, புகை வரவில்லை. எதுவும் புரியாமல் அண்ணன் நாலைந்து தடவை சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறார். சவாரி வந்தவர்களை வேறு வண்டி பிடித்து அனுப்பிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் அறுந்திருக்கு. வால்வு எல்லாம் வளைஞ்சிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்றார். இறக்கினால், எட்டு வால்வில் ஆறு வளைந்து கிடந்தது. ஒரு பிஸ்டனும் அடிபட்டிருந்தது. மொத்தச் செலவு 52,000 ரூபாய். அந்த பெல்ட்டை முன்னாடியே மாற்றியிருந்தால் கூலியோடு சேர்த்து 7,000 ரூபாயில் முடிந்திருக்கும் என்று அதே மெக்கானிக் சொன்னார்.

வண்டி 24 நாள் பட்டறையில் நின்றது. வருமானம் இல்லை. அந்த அக்கா மூன்று தவணை கட்டவில்லை. அடுத்து மாட்டுக் கடனுக்குப் பெயர் கொடுத்திருந்த இரண்டு பேருக்குப் பணம் தள்ளிப் போனது. கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போக ஆரம்பித்தது. அந்த அக்கா ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். குற்றம் அவர்மேல் மட்டுமா? வண்டியைப் பார்த்து வந்தது நாங்கள்தானே.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் இரண்டு மூன்று நாள் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உரலும் உலக்கையும்

டைமிங் பெல்ட் என்றால் என்ன? நம் அம்மா காலத்தில் உரலில் மாவு இடித்ததை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி உலக்கை போடுவாள். இன்னொருத்தி உலக்கை மேலே போகும் நேரம் பார்த்து உரலுக்குள் கையை விட்டு மாவைத் தள்ளிவிடுவாள். இரண்டு பேருக்கும் தாளம் ஒன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தாளம் தப்பினால் கை நசுங்கும்.

இன்ஜினுக்குள் உலக்கை மாதிரி மேலும் கீழும் போய் வருவது பிஸ்டன். மேலேயிருந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் கை மாதிரி இருப்பது வால்வு. காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் அந்த ஒரு நிமிடத்தில் 1,000 தடவை திறந்து மூடும். இந்த இரண்டுக்கும் தாளம் தப்பாமல் கட்டி வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அதுதான் டைமிங் பெல்ட்.

மாவு மில்லில் பெல்ட் அறுந்தால் மில் நிற்கும், புது பெல்ட் போட்டு ஓட்டலாம். காரில் அப்படி இல்லை. பெல்ட் அறுந்ததும் வால்வுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிடும். பிஸ்டன் மட்டும் ஓடி வந்த வேகத்தில் மேலே வந்து அதில் முட்டும். சில பெட்ரோல் இன்ஜின்களில் இரண்டும் முட்டாதபடி இடைவெளி இருக்கும். டீசலில் இடைவெளி மிகக் குறைவு, பொதுவாக முட்டத்தான் செய்யும். அண்ணன் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகியதும் தப்பு. ஓடுகிற வண்டி 'டப்' என்று நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது.

எல்லாக் காரிலும் பெல்ட் கிடையாது. பழைய மாருதி 800, ஆம்னி, டாடா இண்டிகா டீசல் ஆகியவற்றில் பெல்ட். சுவிஃப்ட், டிசையரில் 2020 வரை வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் சங்கிலி. நீங்கள் வாங்கப் போகும் வண்டியில் எது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சங்கிலி என்றால் பெல்ட் மாதிரி கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. அதற்காக நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. ஆயிலை ஒழுங்காக மாற்றாத வண்டியில் சங்கிலியும் தேய்ந்து நீளும், தாளம் தப்பும். காலையில் முதல் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் 'கடகட' என்று சங்கிலி ஆடும் சத்தம் வந்தால் காட்டிவிட வேண்டும்.

பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும். நம்ம ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். ரப்பர் சும்மா இருந்தாலும் கெடும் என்பது நமக்குத் தெரியாதா? குக்கர் கேஸ்கட்டைப் பெட்டியில் வைத்திருந்தாலும் இறுகிப் போகிறதே! அதனால் "டாக்டர் ஓட்டின வண்டி, ரொம்ப ஓடலை" என்று யாராவது சொன்னால் அது பெல்ட்டுக்கு நல்ல செய்தி இல்லை. பெல்ட் ஒரு மூடிக்குள் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. "இப்பதான் மாத்தினேன்" என்று விற்பவர் சொன்னால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே புதுசு போடுங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையையும் கூடவே மாற்ற வேண்டும். பல வண்டிகளில் தண்ணீர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அப்படியென்றால் அதையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம். அந்தத் தொகையை வண்டி விலையோடு சேர்த்துக் கடன் கேட்பதில் தவறே இல்லை.

குக்கரில் தண்ணீர் வற்றினால்

பட்டறைக்கு வரும் பெரிய வேலைகளில் பெல்ட்டைவிட அதிகம் சூட்டினால் வருவதுதான் என்று மெக்கானிக் சொன்னார். இது நமக்குச் சுலபமாகப் புரியும். ரேடியேட்டரும் இன்ஜினும் சேர்ந்து ஒரு பெரிய குக்கர். அதன் மூடி அழுத்தம் கொடுத்து அடைத்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் ஓடுகிறது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும்? ஓடி வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாலும் அதேதான். முகம் வெந்து போகும். இதை வீட்டில் உள்ள ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

இன்ஜினின் மேல்பாகத்தை ஹெட் என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது அலுமினியம். பழைய இன்ஜின்கள் பலவற்றில் கீழ்ப்பாகம் வார்ப்பு இரும்பு. அலுமினியப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அடி வளைந்து, தரையில் வைத்தால் ஆடுகிறதல்லவா? தண்ணீர் இல்லாமல் ஓடிய இன்ஜினின் ஹெட்டும் அப்படித்தான் வளைகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் கிழிகிறது. தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது. பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சமமாக்க வேண்டும். விரிசல் விட்டிருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும்.

ஏன் தண்ணீர் குறைகிறது? ரப்பர் குழாய் வெடித்திருக்கும், பம்ப் ஒழுகும், ஃபேன் ஓடாமல் இருக்கும். நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. போர் தண்ணீர்! வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைத் தினமும் தேய்க்கிறோமே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கிறது. அங்கே தேய்க்க ஆள் கிடையாது. கூலண்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரும் கலந்து ஊற்றினால் இந்த உப்பு படியாது, துருவும் பிடிக்காது. கூலண்ட் வாங்குவது வீண் செலவு என்று நினைக்கும் டிரைவர்கள் நிறைய. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சூடே ஆகாது" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜினுக்கு வேண்டிய சூடு வராமல் டீசலும் அதிகம் பிடிக்கும், தேய்மானமும் கூடும். அடைப்பு எங்கே இருக்கிறதோ அது அப்படியேதான் இருக்கும்.

ஓடும்போது சூட்டு முள் மேலே ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான், வீட்டுக்குப் போயிடலாம்" என்ற நினைப்புதான் பலருக்கு ஹெட்டை வாங்கியது. அரை மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் முழுதும் போய்விட்டால் முள் சில சமயம் கீழே இறங்கிவிடுமாம். சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஏறின முள் தானாக இறங்கியது என்று சந்தோஷப்பட்டு ஓட்டக் கூடாது.

ஆயில்

இதை நீட்டி எழுத வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் ஆயில் படலம் இருக்கிறது. ஆயில் குறைந்தாலும், மாற்றாமல் தார் மாதிரி கெட்டியானாலும், பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துவிடும். அதைத்தான் 'இன்ஜின் சீஸ்' என்கிறார்கள். நான் பட்டறையில் கேட்டவற்றில் மிகப் பெரிய செலவு இதுதான். மீட்டரில் சிவப்பாக ஓர் எண்ணெய்க் குடம் மாதிரி விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே அணைக்க வேண்டும்.

ஆயில் பார்ப்பதை வீட்டில் பெண்களே செய்யலாம், கஷ்டமில்லை. வண்டி சமதரையில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துக் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுதும் உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்து, பால் கணக்கு நோட்டிலேயே எழுதி வைக்கிறார்.

மழை வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நமக்கு மறக்குமா? அந்த மாதிரி நேரத்தில் தண்ணீரில் நின்ற வண்டியை, வடிந்ததும் ஆசையாகச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்த்தால், அதைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் வந்து தண்ணீரை எடுத்த பிறகுதான் சாவி.

வண்டி பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "நாங்க வர்றவரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால், குளிரில் வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்கச் சூடு பண்ணி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பி வாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். எண்ணெய் மிதந்தால் வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தாலும் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் கறுப்பாக வருவது பல சமயம் சின்ன வேலையாக இருக்கும். அரை மணி நேரமாவது ஏ.சி. போட்டு ஓட்டி, முள் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

மெக்கானிக் நம் மெக்கானிக்காக இருக்க வேண்டும். விற்பவர் கூட்டி வரும் ஆள் வேண்டாம். அவருக்குக் கூலி கொடுங்கள். அந்தச் சில நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து நாங்கள் கூட்டிப் போகவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "எஃப்.சி. இருந்துச்சே, இன்சூரன்ஸ் இருந்துச்சே, அப்புறம் என்ன?" நல்ல கேள்வி. எஃப்.சி.யில் பிரேக், விளக்கு, புகை போன்றவற்றைப் பார்ப்பார்கள். பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் பணம் தரும். தேய்மானத்தாலோ இயந்திரக் கோளாறாலோ இன்ஜின் போனால் தராது. பாலிசியிலேயே எழுதியிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை.

இன்ஜின் போன பிறகு என்ன செய்வது என்பதிலும் யோசனை வேண்டும். அவசரப்பட்டு முழு வேலைக்கும் சரி சொல்லக் கூடாது. ஹெட்டை இறக்கி என்ன போயிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, லேத் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். வேலை பார்த்த பிறகு வண்டி என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்து, செலவு அதில் பாதியைத் தாண்டினால் அப்படியே விற்றுவிடுவது மேல் என்பது என் கருத்து. நம் அக்கா வண்டிக்கு உடம்பு நன்றாக இருந்ததால் வேலை பார்த்ததே சரி. "பழைய இன்ஜின் ஒண்ணு இருக்கு, மாத்திரலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இன்ஜினுக்குப் பில்லும் பேப்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் கேஸ் நம்மேல் வரும்.

விட்டுப்போன மூன்று தவணையை அந்த அக்கா ஆறு மாதத்தில் பிரித்துக் கட்டினார். கூட்டமைப்பு அபராத வட்டி போடவில்லை. அதற்குக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, இரண்டு குழுக்களுக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது எங்கள் வண்டிக் கடன் விண்ணப்பத்தில் நாலு வரி சேர்த்திருக்கிறோம்: பெல்ட்டா சங்கிலியா, கடைசியாக மாற்றிய தேதி, பில் உண்டா, பார்த்த மெக்கானிக்கின் கையெழுத்து. கடன் தொகையில் முதல் வேலைக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, வேலை முடிந்த பில் வந்த பிறகே அதைக் கொடுக்கிறோம். உங்கள் குழுவில் ஏற்கனவே வண்டிக் கடன் வாங்கியவர்கள் இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கையேட்டையும் பில்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.